உருளைக்கிழங்கு பீரங்கி: மூட்டுக் கசிவை அடைக்கலாமா?
உருளைக்கிழங்குத் துண்டைக் காற்றழுத்தத்தால் பறக்கவிடும் பீரங்கிக்காக, பிவிசி குழாயில் சைக்கிள் பம்பால் காற்றேற்றும்போது மூட்டில் கசிகிறது, பசை போட்டு அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடைக்காதீர்கள், அந்தக் குழாயையே விட்டுவிடுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. அடைபட்ட காற்று ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கும். குழாய் வெடித்தால் கூரான சில்லுகளாகச் சிதறும். உடம்பில் ஏறிய பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாமலும் போகலாம்.

முதல் முயற்சிக்குத் தள்ளுகுச்சி வகை போதும். விரல் தடிமனில் ஒரு சாண் குழாய் எடுத்து, இரு முனைகளையும் பச்சை உருளைக்கிழங்கில் அழுத்தித் திருகி எடுங்கள். இரு முனையிலும் ஈரமான கிழங்கு வில்லை கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். பின்பக்க வில்லையைக் குச்சியால் சட்டென்று தள்ளினால் நடுவிலுள்ள காற்று இறுகி, முன் வில்லை 'டப்' என்று பறக்கும். மெல்லிய வில்லை என்றால் ஓரத்தில் காற்று ஒழுகிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், யார் முகத்துக்கும் நேராக நீட்டாதீர்கள்.