மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறது ஜப்பான் பள்ளி: மறுக்க முடியுமா?

கேள்வி: நான் மதுரைக்காரி. ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத் துணை ஆசிரியராக (ஏஎல்டி) இருக்கிறேன். என்னை வேலைக்கு எடுத்தது ஒரு தனியார் நிறுவனம். ஓராண்டு ஒப்பந்தம், இது இரண்டாவது ஆண்டு. ஏப்ரலில் வந்த புதிய துணைத் தலைமையாசிரியர், "மாணவிகளுக்கே காதில் தோடு போடத் தடை. நீங்கள் மூக்குத்தியோடு வரலாமா?" என்கிறார். கழற்றாவிட்டால் சம்பளத்தில் பிடிப்போம், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம் என்கிறது நிறுவனம். சேரும்போது 'நேர்த்தியான தோற்றம்' பற்றிய கையேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது என் கல்யாணத்தில் போட்ட மூக்குத்தி. விசா போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரிக்கு, விசா பயத்தை முதலில் விடுங்கள். தோற்ற விதியை மீறியதற்காக யாருடைய வசிப்புத் தகுதியும் ரத்தாவதில்லை. வேலையே போனாலும் அன்றே நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை. 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணமில்லாமல் மூன்று மாதம் அந்தத் தொழிலைச் செய்யாமல் இருந்தால்தான் ரத்து என்ற பேச்சே வரும். வேறு வேலை தேடுவது தகுந்த காரணம்தான். தேடியதற்கான மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். 'ஹக்கென்' (நிறுவனம் தன் ஊழியரைப் பள்ளிக்கு அனுப்பிவைக்கும் முறை) என்றால் பள்ளி உங்களுக்கு அன்றாட வேலையைச் சொல்லலாம். ஆனால் தண்டிப்பதும் நீக்குவதும் நிறுவனத்தின் கையில். 'கியோமு இதாக்கு' (கற்பிக்கும் பணியை நிறுவனமே ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் முறை) என்றால் துணைத் தலைமையாசிரியர் உங்களுக்கு நேரடியாக உத்தரவு போடுவதே முறையல்ல, நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும். (வெளிநாட்டவரை ஆசிரியர் பணிக்கு அழைக்கும் ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் இருப்பவர்கள் உள்ளாட்சியின் ஊழியர்கள். அவர்களுக்குச் சட்டம் வேறு; இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சரி, கையெழுத்துப் போட்ட கையேடு? தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, பணி விதி நியாயமானதாகவும் ஊழியருக்குத் தெரியப்படுத்தப்பட்டதாகவும் இருந்தால்தான் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிறது. 'நேர்த்தி' என்ற பொதுச் சொல்லை வைத்து மூக்குத்தியைத் தடுக்கப் பார்ப்பது பலவீனமான வாதம். 'முகத்தில் நகை கூடாது' என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் நிறுவனத்தின் கை ஓங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் எழுதப்பட்ட பணி விதிகள் கட்டாயம் இருக்க வேண்டும், ஊழியர் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஜப்பானிய நீதிமன்றங்கள் தோற்றத்தைத் தனிமனித விருப்பமாகவே பார்க்கின்றன. வேலைக்கு உண்மையில் தேவைப்படும் அளவுக்குத்தான் முதலாளி அதில் தலையிடலாம். முடியை மஞ்சளாகச் சாயமிட்ட லாரி ஓட்டுநரை நீக்கியது செல்லாது என்று 1997இல் ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றத்தின் கொக்குரா கிளை சொன்னது. ஒசாகா நகரச் சுரங்க ரயில் ஓட்டுநர்கள் இருவர் தாடி வைத்ததற்காக மதிப்பீட்டைக் குறைத்தார்கள். 2019 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம், நகர நிர்வாகம் இருவருக்குமாக 4,40,000 யென் இழப்பீடு தர வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாலையில் மாட்டிக்கொள்ள முடியாது, வேலைக்கு வெளியேயும் அது பாதிக்கும் என்பது இத்தகைய வழக்குகளில் வலுவான வாதம்.

அங்கேதான் உங்களுக்குச் சிக்கல். மூக்குத்தியைக் கழற்றி மாட்டலாம் என்று அவர்கள் சொல்வார்கள். மாணவர்களுக்குத் தடை இருக்கும் பள்ளி என்பதும் அவர்கள் பக்கம் கனக்கும். ஆனால் இது ஃபேஷனுக்குப் போட்டது அல்ல, திருமணத்தோடும் மரபோடும் வந்தது. தேசியத்தையும் நம்பிக்கையையும் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டின் தொழிலாளர் தர நிலைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. விதி எல்லோருக்கும் பொது என்றால் இதை நிரூபிப்பது கடினம். மற்ற ஆசிரியைகள் தோடு போட்டு வர, உங்களை மட்டும் தடுக்கிறார்கள் என்றால் நிலைமை மாறும். தேதியோடு குறித்து வையுங்கள்.

சம்பளப் பிடித்தத்தை அவர்கள் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. பணி விதியில் அந்தத் தண்டனை இருக்க வேண்டும். அப்போதும் ஒரு முறைக்கு ஒரு நாள் சராசரி ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, மொத்தப் பிடித்தம் அந்த மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஓராண்டு ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கத் 'தவிர்க்க முடியாத காரணம்' வேண்டும் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17). ஒரு மூக்குத்தி அந்த அளவுக்குப் போகாது என்பது என் உறுதியான கருத்து. உண்மையான ஆபத்து ஒப்பந்தம் முடியும் மார்ச்சில் இருக்கிறது: காரணம் சொல்லாமல் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு முறை புதுப்பித்த உங்களுக்கு அங்கே பாதுகாப்புக் குறைவு.

அதனால் சண்டையோடு ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். மூக்குத்தியின் பின்னணியை மரியாதையாக நான்கு வரியில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். வகுப்பில் மட்டும் நிறமற்ற சிறு குச்சியோ மிகச் சிறிய மூக்குத்தியோ போட்டு வருவதாகச் சொல்லிப் பாருங்கள். நுழைவு விழா, பட்டமளிப்பு விழா நாட்களில் கோட்டு சூட்டு கேட்டால் தயங்காமல் போடுங்கள். அந்த வழக்கம் எல்லா ஆசிரியருக்கும் உண்டு. பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். 'தைஷோகு தொதொகே' என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அது ராஜினாமாக் கடிதம். போட்டுவிட்டால் நீங்களே விலகினீர்கள் என்று ஆகிவிடும்; மேலே சொன்ன பாதுகாப்பு கிடைக்காது, வேலையின்மை உதவித்தொகையும் தள்ளிப்போகலாம். நீக்கினால் காரணத்தை எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தொழிலாளர் பணியகங்களில் உள்ள ஆலோசனை மையங்களில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவைப்பட்டால் 'ஹோதெராசு' என்ற அரசு சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். தொழிற்சங்கத்தில் தனி ஆளாகவும் சேரலாம். சங்கம் பேச்சுக்கு அழைத்தால் நியாயமான காரணமின்றி நிறுவனம் மறுக்க முடியாது. போகும்போது ஒப்பந்தம், கையேட்டில் தோற்றம் பற்றிய பக்கம், நிறுவனம் அனுப்பிய செய்திகள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.