72,000 பேருக்கு ஒருவர்

அன்புள்ள அண்ணாச்சி,

2024 மக்களவைத் தேர்தலில் டிவி கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. வந்தது 293. அதற்காகக் கணிப்பையே குப்பையில் போட்டுவிட வேண்டுமா? அணை, ஆலை, சாலை என்று எந்தப் பெரிய முடிவுக்கும் முன்னால் அரசு மாநிலம் முழுக்கக் கருத்துக்கணிப்பு நடத்தி, பெரும்பான்மை சொல்வதைச் செய்யலாமே? ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நம்மைக் கேட்பார்களா? தேர்தல் நேரத்தில் கணிப்புகளுக்குத் தடை போடுவது பற்றியும் சொல்லுங்கள்.

ராதாபுரம் பக்கத்து வாசகர் ஒருவர்

*

அன்புள்ள தம்பி,

293-ஐ விட்டுவிடுவோம், அது டிவிக்காரர்கள் கவலை. பாரபட்சமில்லாமல் ஆட்களைப் பொறுக்கினால், ஆயிரம் பேரைக் கேட்டே ஒரு மாநிலத்தின் மனதை மூன்று சதவீதம் முன்னே பின்னே சொல்லிவிடலாம். பொறுக்குவதில் கோளாறு என்றால் லட்சக்கணக்கில் கேட்டும் பயனில்லை. 1936 ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு, அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதிக்காரர்களின் பட்டியலைப் பார்த்துச் சீட்டு அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

சரி, கணிப்பு துல்லியமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு அங்கேதான் பயம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. ஆயிரம் பேரைக் கேட்டால் 72,000 பேருக்கு ஒருவர். கூடங்குளம் அணுஉலையை ஒட்டிய இடிந்தகரை, கூத்தங்குழி, கூடங்குளம் ஊர்கள் மூன்றையும் சேர்த்தாலும் அதில் ஒருவர் அகப்பட்டால் அதிர்ஷ்டம். அணுஉலைப் போராட்டம் நடந்த அந்த நாட்களில் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. 'உலையைத் திறக்கலாமா' என்று அப்போது மாநிலம் முழுக்கக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோயம்புத்தூரில் விசைத்தறி நின்றுபோனவர் 'திற' என்பார், அதில் தப்பில்லை. உலைக்குப் பக்கத்தில் வீடும் வலையும் வைத்திருப்பவர் 'வேண்டாம்' என்பார். கணிப்பில் இரண்டும் ஒவ்வொரு ஓட்டுதான். யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது.

கேள்வியை எழுதுகிறவர் கை வேறு இருக்கிறது. 'மின்வெட்டு தீர உலையைத் திறக்கலாமா' என்பதற்கும் 'உங்கள் ஊருக்கு அடுத்து ஓர் உலை வரலாமா' என்பதற்கும் ஒரே ஆளே வேறு வேறு பதில் சொல்வார்.

அரசு நம் மனதைக் கணிக்காமல் இருந்தது என்றும் நினைக்காதீர்கள். மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லி 2011 செப்டம்பரில் மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். 2012 மார்ச் 18-இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். அப்போது அது நம் நெல்லை மாவட்டம்தான். மறுநாளே, 19-ஆம் தேதி, உலையைத் திறக்க அமைச்சரவை ஒப்புதல். நாடிபிடித்துப் பார்த்தது தேதி குறிக்கத்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் கணிப்பு எதற்குத்தான் உதவும்? ஆளுக்கு அவரவர் வாழ்க்கை பற்றித் தெரிந்ததைக் கேட்க. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, மாநிலத் திட்டக் குழு பயணம் செய்கிற பெண்களையே விசாரித்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று தெரியவந்தது. திட்டத்தை நீட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுப்பவருக்கு இது கைக்கு உதவும் எண். மணல் குவாரியோ ஆலையோ என்றால் மாநில சராசரி வேண்டாம்; பாதிக்கப்படும் ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு, ஊர்வாரியாகப் பதிலை வெளியிடட்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்தில் போலீஸைச் சுற்றி நிறுத்தி நடத்துவதற்கு அது எவ்வளவோ மேல்.

தடை பற்றி: வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுக்கும் கணிப்பை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு ஏற்கெனவே அனுமதிப்பதில்லை. அது போதும். அதற்கு மேல் தடையை விட, கணிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார், எந்த ஊர்களில் கேட்டார்கள், கேள்வி என்ன என்ற மூன்றையும் திரையிலேயே போடச் சொல்ல வேண்டும். பல கணிப்புகள் அதன்பிறகு வெளியே வராது.