எல்லைப் பாதுகாப்புக்குப் பணம்: ரசீதுப் புத்தகத்தோடு வருபவரை நம்பலாமா?

கேள்வி: ஆந்திராவில் நகரியில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறேன். முன்னாள் ராணுவத்தினர் டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். எல்லைப் பாதுகாப்புக்குத் தறிக்காரர் ஆளுக்கு 5,000 ரூபாய் தரவேண்டுமாம், முழுத்தொகைக்கும் வரிவிலக்கு உண்டாம். இதற்கென்று செஸ் என்ற கூடுதல் வரி வேறு வந்துவிட்டதாம். ஆயுதம் வாங்க ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சங்கத்தில் 40 பேர் சேர்ந்து ஒரு தொகை கொடுக்க நினைக்கிறோம். எங்கே, எப்படிக் கொடுப்பது?

பதில்: அந்த ஆளிடம் ஒரு பைசா தராதீர்கள். எல்லைக்கென்று வீடுவீடாக வசூலிக்க மத்திய அரசு யாரையும் அனுப்பவில்லை.

எல்லையைக் காக்கும் செலவு பட்ஜெட்டிலிருந்து போகிறது. 2025-26இல் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் 1.80 லட்சம் கோடி ஆயுதம், விமானம், கப்பல் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு. எல்லைப் பாதுகாப்புப் படை உள்துறையின் கீழ் வருவதால் அதற்குத் தனியாக 28,000 கோடிக்கு மேல். நீங்கள் நூலுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யில் மத்திய அரசின் பங்கும் அந்தக் கஜானாவுக்குத்தான் போகிறது. அதற்கு மேல் நாமாகக் கொடுக்கும் நன்கொடை வீரர்களின் நலனுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகும். அந்தப் பணத்தில் துப்பாக்கியோ குண்டு துளைக்காத சட்டையோ வாங்குவதாக யார் சொன்னாலும் அது புளுகு.

செஸ் என்று அவர் சொல்வது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சுகாதாரத்துக்கும் தேசப் பாதுகாப்புக்குமாக ஒரு செஸ்ஸை நிறைவேற்றியது. அது பான் மசாலா தயாரிப்பவர்கள் மீது. தறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வாட்ஸ்அப் செய்தி பழைய சரக்கு. 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் வீரர்கள் புதைந்தபின், போரில் பாதிக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக ஒரு கணக்கு திறந்தார்கள். அதை யாரோ ஆயுதம் வாங்கும் கணக்காகத் திரித்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு அது மறுபடி கிளம்பியபோது, செய்தி தவறு, அதிலுள்ள கணக்கு எண்ணே தவறு என்று பாதுகாப்பு அமைச்சகம் மறுத்தது. ஃபார்வர்டில் வரும் எண்ணுக்கு என்றைக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கொடுக்க விரும்பினால் உங்களுக்கு இரண்டு இடம் போதும். ஒன்று, 1962இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு நிதி. பிரதமர் தலைமையிலான குழு நிர்வகிக்கிறது, முப்படைகளோடு துணை ராணுவத்தினருக்கும் சேர்த்து. இன்னொன்று, 2017 ஏப்ரலில் உள்துறை தொடங்கிய ‘பாரத் கே வீர்’. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்ற படைகளில் உயிர்விட்டவரின் பக்கத்தைத் திறந்து அவர் குடும்பத்துக்கே அனுப்பலாம். ஒருவருக்கு 15 லட்சம் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆளைக் குறிப்பிடாமல் பொதுநிதிக்கும் தரலாம். இரண்டுக்கும் இணையதள முகவரி ஜி.ஓ.வி.டாட்.இன் என்று முடிய வேண்டும். நேரில் கேட்டுத்தான் கொடுப்பேன் என்றால் சித்தூர் ஜில்லா சைனிக் ஆபீசுக்கு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) போய் டிசம்பர் 7 கொடி நாள் நிதிக்குக் கட்டுங்கள். பிரதமர் பக்கம் ஒரு நிதி, பாதுகாப்புத் துறையில் ஒன்று, உள்துறையில் ஒன்று என்று சிதறிக் கிடப்பதை ஒரே பலகையில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீஸ் வாசலில் மாட்ட எவ்வளவு செலவாகும்? அதைச் செய்யாததால்தான் ரசீதுப் புத்தகக்காரர் பிழைக்கிறார்.

கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் பின் நம்பர் போடும் முன் திரையில் பெயர் வரும். நிதியின் பெயருக்குப் பதில் தனி ஆள் பெயரோ, ஏதோ ‘என்டர்பிரைசஸ்’ என்றோ வந்தால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள்.

இனி அவர் காட்டும் தூண்டில், வரிவிலக்கு. தேசியப் பாதுகாப்பு நிதிக்குத் தந்தால், நன்கொடையை வருமானத்திலிருந்து கழிக்கவிடும் 80ஜி பிரிவில் முழுத்தொகையும் கழியும் (இங்கே வரும் பிரிவு, படிவ எண்கள் 2025-26 வரை பொருந்திய சட்டத்தின்படி). சாதாரணத் தனியார் டிரஸ்டுக்குப் பாதிதான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ‘100 சதவீதம்’ என்று புத்தகத்தில் அச்சடித்திருந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதும். ‘நிரந்தர 80ஜி’ என்று 2021க்கு முந்தைய கடிதம் காட்டினால் அது செல்லாது. எல்லா டிரஸ்டும் அதன்பின் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. டிரஸ்ட் உங்கள் பெயரையும் பான் எண்ணையும் வருமானவரித் துறையில் ஏற்றி, 10பிஇ என்ற சான்றிதழ் தரவேண்டும். வெறும் ரசீது தாள்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் எந்த நிதியானாலும் விலக்கு கிடையாது.

இதையெல்லாம் விட முக்கியம், பழையது, புதியது என்ற இரண்டில் நீங்கள் எந்த வருமானவரித் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது. புதிய திட்டத்தில் 80ஜி இல்லவே இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் புதியதில்தான் இருப்பீர்கள். 2025-26இல் தொழில் வருமானம் 12 லட்சம் வரை அதில் வரியே இல்லை, பிறகு எதிலிருந்து கழிப்பது? சம்பளக்காரர் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். தறி ஓட்டும் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை: பழையதற்குப் போக கெடுவுக்குள் 10ஐஇஏ படிவம் போடவேண்டும், ஒருமுறை புதியதற்குத் திரும்பிவிட்டால் தொழில் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக முடியாது. பழைய திட்டத்தில் 20 சதவீத அடுக்கில் இருப்பவர் 5,000 கொடுத்தால் வரியில் மிச்சம் 1,040 ரூபாய். அதற்காகத் திட்டம் மாறச் சொல்லும் ஆடிட்டரிடம் கணக்கு கொடுக்காதீர்கள்.

சங்கத்தில் 40 பேர் பணத்தை ஒன்றாக அனுப்பினால் ரசீது சங்கத்தின் பெயரில் வரும். தனித்தனியாக யாரும் கழிக்க முடியாது. விலக்கு தேவைப்படும் ஓரிருவர் தங்கள் போனிலிருந்தே அனுப்பட்டும். மற்றவர்கள் பணத்தைச் சங்கக் கணக்கில் போட்டு அங்கிருந்து அனுப்பி, நிதியின் ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால்: போனில் அனுப்பியவர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்து, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லவேண்டும். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறிவிடும். ரொக்கமாகக் கொடுத்தவர் ரசீதை எடுத்துக்கொண்டு நகரி காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் தரட்டும், புகார் பெற்றதற்கான சீட்டை வாங்காமல் திரும்பவேண்டாம்.