எடை குறைக்கும் மாத்திரைகள்: தண்டையார்பேட்டை மருந்தாளுநரின் பதில்கள்

கொருக்குப்பேட்டை வாசகி: ஐயா, ‘முழுவதும் மூலிகை’ என்று அச்சிட்ட மாத்திரையைத் தங்கை சாப்பிடுகிறாள். பசியே எடுக்கவில்லை, ஆனால் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள்.

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. பசி அடங்கி நாடியும் துள்ளினால், பசியை அடக்கும் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருக்குமோ என்றுதான் முதலில் ஐயுறுவேன். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டியதால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டு, 2011-இல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்ட அந்த மருந்து, அதன் பிறகும் மூலிகைப் பெயர் தாங்கிய பொருள்களில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. கலப்படக்காரர் அதை லேபிளில் எழுத மாட்டார். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

ராயபுரம் வாசகர்: டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதே?

பதில்: அந்த 14 இலக்க எண் உணவு வணிகத்துக்கான உரிமம் அல்லது பதிவு. உங்கள் கையிலுள்ள டப்பாவை யாரோ சோதித்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

வியாசர்பாடி வாசகர்: குடம்புளியை மலையாளிகள் மீன்குழம்பில் போடுகிறார்கள். அதன் மாத்திரை மட்டும் எப்படிக் கெடுதலாகும்?

பதில்: காசிமேட்டு மீனுக்கு நம் வீடுகளில் சாதாரணப் புளிதான், இருந்தாலும் கேள்வி நியாயமானது. குழம்பில் ஊறுவது இரண்டு மூன்று துண்டு. மாத்திரையிலோ அதன் அமிலத்தைப் பிரித்துச் செறிவாக்கி, நாள்தோறும், மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அப்படி விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் கிரீன் டீயும் குடிக்கக்கூடாது என்பீர்களோ?

பதில்: குடியுங்கள், யார் தடுத்தார்கள்? சாற்று மாத்திரையைத்தான் சொல்கிறேன். அதிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. இயற்கையானதா என்பதைவிட எவ்வளவு என்பதையே கல்லீரல் கணக்கில் கொள்கிறது. கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமானால் வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

திருவொற்றியூர் வாசகி: தைராய்டு மாத்திரையோடு ஆர்லிஸ்டாட் போடலாமா?

பதில்: இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஆர்லிஸ்டாட் உணவிலுள்ள கொழுப்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் மருந்து; கொழுப்போடு ஏ, டி, இ, கே வைட்டமின்களும் உடலில் சரியாகச் சேராமல் போகலாம்.

எண்ணூர் வாசகி: பாலூட்டுகிறேன், இப்போது எடை குறைக்கும் மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம்.

பெரம்பூர் வாசகர்: மூலிகை தானே, பக்கவிளைவு இருக்காதே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

மூலக்கடை வாசகர்: ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைய நல்ல மாத்திரை?

பதில்: நான் விற்பதில்லை.