ட்ரை சிரப்பில் எவ்வளவு தண்ணீர், எத்தனை எம்எல், எத்தனை நாள்?

கேள்வி: மூன்று வயதுக் குழந்தை, எடை 12 கிலோ. டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்கை (கிருமியைக் கொல்லும் மருந்து) ட்ரை சிரப்பாக, அதாவது தண்ணீர் கலந்து கொடுக்கும் தூளாக எழுதியிருக்கிறார். தண்ணீர் எப்படிக் கலப்பது? கடையில் ‘228.5’, ‘457’ என்று இரண்டு இருக்கிறதே, வித்தியாசம் என்ன?

தண்ணீரிலிருந்தே தொடங்கலாம், பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. பாட்டிலைத் திறக்கும் முன் கவிழ்த்து அடியில் நாலு தட்டு தட்டுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூள் உதிர வேண்டும். பெட்டிக்குள் தண்ணீர்க் குப்பி இருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர். ‘சீக்கிரம் கரையட்டும்’ என்று வெதுவெதுப்பாக ஊற்றாதீர்கள், சூட்டில் மருந்து சிதையும்.

லேபிளில் வேறு முறை போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். பொதுவாக, முதலில் பாட்டிலில் இருக்கும் அம்புக்குறிக்குப் பாதி அளவு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பிறகு குறி வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் குறிக்குக் கீழே இறங்கியிருக்கும், அப்போது மிச்சத்தை ஊற்றிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். இதெல்லாம் முதல் தடவை கலக்கும்போது மட்டும். மருந்து எடுக்க எடுக்க மட்டம் குறையும், அதைத் தண்ணீரால் நிரப்பினால் குழந்தைக்குப் போவது நீர்த்துப்போன மருந்து. கலந்த தேதியை அப்போதே லேபிளில் எழுதிவிடுங்கள்.

இனி அந்த எண்கள். 228.5 என்றால் 5 எம்எல்-இல் அமாக்சிசிலின் 200 மி.கி., கிளாவுலனேட் 28.5 மி.கி. 457 என்றால் 400-உம் 57-உம். டாக்டர்கள் கணக்குப் போடுவது அமாக்சிசிலினை வைத்து மட்டுமே. வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 45 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து. காதுச் சீழ் போன்ற சிலவற்றுக்கு இதைவிடக் கூடுதலாக எழுதுவார்கள், அதற்கு வேறு விகிதத்தில் தயாரித்த மருந்தும் உண்டு. உங்கள் குழந்தைக்குக் கிலோவுக்கு 40 என்று வைத்தால் 12 × 40 = 480 மி.கி., வேளைக்கு 240. 228.5-இல் அது 6 எம்எல், 457-இல் 3 எம்எல். சீட்டில் ஒன்று எழுதியிருக்க, கடையில் இருப்பு இல்லையென்று மற்றொன்றைக் கொடுத்தால் எம்எல் மாறியே ஆக வேண்டும். பழைய அளவையே ஊற்றினால் ஒன்று இரட்டிப்பாகும், இல்லை பாதியாகும். இது கணக்கு புரிவதற்கான உதாரணம்தான். உங்கள் டாக்டர் எழுதிய அளவே உங்களுக்கு அளவு.

இந்த உதாரணப்படி 228.5-இல் நாளைக்கு 12 எம்எல் போகும், 30 எம்எல் பாட்டில் இரண்டரை நாள்தான் தாங்கும். ஏழு நாளுக்கு எழுதியிருந்தால் மூன்று பாட்டில் வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலக்காமல், ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைக் கலக்குங்கள்.

அளக்க வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஊசியில்லாத சிரிஞ்ச்தான் சரி. ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டே எடுங்கள். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் மேலே நிற்கும் தெளிவும், கடைசியில் அடி மண்டியும் போகும். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சினால் புரையேறும். சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிற்றைப் புரட்டுவது குறையும், கிளாவுலனேட்டும் நன்றாக உடம்பில் சேரும். ஒரு டம்ளர் பாலில் கலக்காதீர்கள். பால் மருந்தைக் கெடுக்காது, ஆனால் குழந்தை பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யார் சொல்வது?

காலை 8, இரவு 8 என்று சீரான இடைவெளி முக்கியம். இந்த வகை மருந்து ரத்தத்தில் போதுமான அளவில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கிருமி சாகிறது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. கொடுத்து அரை மணிக்குள் வாந்தியெடுத்தால் பெரும்பாலும் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு மூன்று தடவை இளகலாகப் போவது கிளாவுலனேட்டின் வேலை. ரத்தம் கலந்து போனாலோ, குழந்தை துவண்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தடிப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சிழுப்பு வந்தாலோ உடனே மருத்துவமனை. அமாக்சிசிலின் பென்சிலின் வகை மருந்து, ஆகவே முன்பு பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதல் வேளைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று நாளாகியும் மாற்றமே இல்லையென்றால், அளவை நீங்களே கூட்டாமல் திரும்பக் காட்டுங்கள்.

கலந்த பாட்டில் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. கதவைவிட உள்தட்டு மேல், கதவில் இருப்பது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும். நம் ஊரில் விற்கும் பாட்டில்களில் கலந்த பின் ஏழு நாள் என்றுதான் பொதுவாகப் போட்டிருக்கும். கிளாவுலனேட்டுக்கு ஈரம் ஆகாது, தூளாக வைத்து விற்பதே அதனால்தான். நிறம் கருத்துப் பழுப்பேறியிருந்தால் ஏழு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். மிஞ்சியதை அடுத்த மாதச் சளிக்கென்று எடுத்து வைத்தால், பாட்டிலில் இருக்கப்போவது இனிப்புத் தண்ணீரும் அரைகுறை மருந்தும்தான்.