பாம்புக்கடிக்குக் கயிறும் பம்பும் வேண்டாம்

வணக்கம்ங்க. கொல்லிமலையில ஆறு பேர் கூடாரம் போட்டுத் தங்கப் போறோம், பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டக் கயிறும் விஷம் உறிஞ்சுற பம்பும் வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு ரெண்டும் வேண்டாம். இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு காலே போகலாம். பம்பால விஷம் வெளியே வராது.

கடிபட்டவரை நடக்க விடாதீங்க. மோதிரம், கொலுசு, ஷூவை உடனே கழட்டுங்க, வீங்கிட்டா கழட்ட முடியாது. நேரான குச்சி வெச்சு, துண்டால காலை அசையாம கட்டுங்க. துணிக்கு அடியில ஒரு விரல் நுழையணும். நேரத்தைக் குறிச்சுக்கிட்டு 108-ஐக் கூப்பிடுங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போக வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

எனக்கு ரொம்பப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரி தூங்குறப்போ கடிக்கும், வலி பெருசாத் தெரியாது. காலையில யாருக்காவது வயிறு வலிச்சு இமை தொங்கினா, கடித்தடம் தேடாம ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. கூடார ஜிப்பை முழுசா மூடித் தூங்குங்க.

செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துறாங்க. ஆறு பேர்ல ரெண்டு பேராவது போங்க. குச்சி கட்டுறதைக் கையால செஞ்சு பழகணும். நான் முதல்ல கட்டினப்போ குச்சி முழங்காலுக்குக் கீழேயே நின்னுடுச்சு, முட்டி தாராளமா மடங்கிச்சு.