கணினி காட்டிய 340 பெயர்கள்: எதை நம்புவது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. குலை அறுக்கும் என் அப்பா இரண்டு ஆண்டுகளுக்கு முன், மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வந்து பிழைத்தவர். அந்தக் கிருமி நம் உயிரணுக்களை வசப்படுத்த அனுப்பும் எஃபெக்டர் புரதங்களைக் கணினியில் தேடுவதே என் ஆய்வு. ஒரு மென்பொருள் 340 பெயர்களைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2004இல் வெளியான மரபணுத்தொகுதியின்படி, அந்த நோயைத் தரும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்ற கிருமிக்கு ஏறத்தாழ 5,700 புரதங்கள். மென்பொருள் நூற்றுக்கு ஐந்தை மட்டுமே தவறாகக் குறித்தாலும் 285 போலிகள் சேர்ந்துவிடும். உங்கள் 340இல் பெரும்பகுதி இப்படி வந்ததாகவே இருக்கும்.

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, வேலையே கடினமானது. கிருமியிடம் உள்ள மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு, ஊசிபோல நம் உயிரணுவுக்குள் புரதத்தைச் செலுத்துகிறது. எதைச் செலுத்த வேண்டும் என்ற அடையாளம் பெரும்பாலும் புரதத்தின் முதல் 25, 30 அமினோ அமிலங்களில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான வரிசை கிடையாது. செரின் சற்று அதிகம் என்பது போன்ற மெல்லிய சாயல்தான் உண்டு. மரபணுவின் தொடக்க இடத்தைத் தரவுத்தளம் தவறாகக் குறித்திருந்தால் அந்தச் சாயலும் போய்விடும். ஐயமுள்ள பெயர்களுக்குத் தொடக்க இடத்தை நீங்களே சரிபாருங்கள்.

உங்கள் அப்பா நிறத்தை மட்டும் பார்த்தா குலையை அறுக்கிறார்? மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் பார்க்கிறார். இங்கும் அதுபோல் வேறு சான்றுகள் வேண்டும். அந்த மரபணு, பிஎஸ்ஏ எனப்படும் சுரப்பு மரபணுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? செலுத்தப்படும் வரை புரதத்தைத் தாங்கி நிற்கும் துணைப் புரதத்தின் மரபணு அருகில் உண்டா? மனித உயிரணுப் புரதங்களை ஒத்த பகுதி உள்ளதா? சவ்வில் பதியும் பகுதிகளோ, ஊசி அமைப்பு அல்லாத சாதாரணச் சுரப்புவழிக்கான முன்குறியோ இருந்தால் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

மென்பொருளைச் சோதிக்க, ஏற்கெனவே தெரிந்த எஃபெக்டரான பாப்-ஈ புரதத்தை எல்லோரும் எடுப்பார்கள். நம் உயிரணுவுக்கு வடிவம் தரும் ஆக்டின் எலும்புக்கூட்டை மாற்றியமைத்து, கிருமி உள்ளே நுழைய உதவும் புரதம் அது. மென்பொருள் அதைச் சரியாகப் பிடித்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது சால்மொனெல்லா என்ற வேறொரு கிருமியின் சாப்-ஈ புரதத்துக்கு உறவு. மென்பொருள் கற்றுக்கொண்ட பயிற்சித் தரவில் சால்மொனெல்லா புரதங்கள் நிறையவே இருக்கும். விடையை முன்பே பார்த்த மாணவனுக்குத் தேர்வு வைப்பது போலாகும். பயிற்சித் தரவோடு ஒத்திருப்பவற்றை நீக்கிவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நம் நாட்டோடு தொடர்புடையது. இதே கிருமியின் பிபிஎஸ்எல்1549 என்ற புரதத்தின் அமினோ அமில வரிசை எதையும் உணர்த்தவில்லை. "செயல் தெரியாதது" என்றே கிடந்தது. மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2011இல் அதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். அது ஈ. கோலை பாக்டீரியாவின் ஒரு நச்சை ஒத்திருந்தது. நம் உயிரணு புரதம் தயாரிக்கத் தேவையான இஐஎஃப்4ஏ என்ற மூலக்கூறில் குளுட்டமைன் என்ற அமினோ அமிலம் ஒன்றே ஒன்றை மாற்றி, அந்தத் தயாரிப்பையே அது முடக்குகிறது. ஆகவே உங்கள் பட்டியலில் மிஞ்சுவனவற்றுக்கு புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டில் வடிவம் பார்த்து, ஒத்த வடிவங்களைத் தேடும் ஃபோல்ட்சீக்கில் ஒப்பிடுங்கள். சாதாரண மடிக்கணினியும் இணையமும் போதும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஊகம்தான் என்று ஆய்வேட்டில் தெளிவாக எழுதுங்கள். சுரப்பை நிரூபிக்க ஆய்வகச் சோதனை வேண்டும். உயிருள்ள இந்தக் கிருமியை மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள கூடத்துக்கு வெளியே வளர்க்கவே கூடாது. அதன் சாதுவான உறவான பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸைப் பல ஆய்வகங்கள் மாற்றாகப் பயன்படுத்துகின்றன, மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: காலில் புண் இருந்தால் மூடிக் கட்டி, பூட்ஸ் போட்டுக்கொண்டே சேற்றில் இறங்கட்டும். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

340ஐப் பத்தாகக் குறைத்தபின் மீண்டும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிராக உங்களுக்கே தோன்றும் ஐயத்தையும் பக்கத்தில் குறித்து அனுப்புங்கள்.